அரை நிலவு ஏன் இரு மடங்காகத் தெரியவில்லை?



சூரியக் குடும்பத்தைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பாடத்தின் சுருக்கம் பெரும்பாலும் இவ்வளவுதான்: 'பூமியே நடுவில் நிற்கிறது, சூரியனும் கோள்களும் அதைச் சுற்றுகின்றன என்று தாலமி சொன்னார். அது தவறு, சூரியனே நடுவில் இருக்கிறது என்று கோப்பர்நிக்கஸ் சொன்னார்.' இந்த இரண்டு வாக்கியங்களையும் தேர்வில் எழுதிவிட்டால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஆனால் ஒரு கணம் நிதானித்து ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். தாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்ஸாந்திரியா நகரில் வாழ்ந்தவர். கோப்பர்நிக்கஸின் நூல் அச்சேறியது 1543ஆம் ஆண்டில். இடையில் ஏறத்தாழ 1400 ஆண்டுகள்! இந்நெடுங்காலத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கேள்வி கேட்டவர் ஒருவருமே இல்லையா?

இருந்தார்கள். பக்தாதிலும் ரக்காவிலும் கெய்ரோவிலும் மராகாவிலும் திமிஷ்கிலும் இருந்தார்கள். அவர்களுள் பலர் நம் வீடுகளில் இன்றும் சூட்டப்படும் பெயர்களையே தாங்கியவர்கள். அவர்கள் செய்தது என்ன, செய்யாதது என்ன என்பதை மிகையின்றியும் குறையின்றியும் தெரிந்து கொள்வது நமக்கு அவசியம்.

தாலமி வரைந்த வானம்

முதலில் தாலமிக்குரிய மரியாதையைத் தந்துவிடுவோம். அவர் அறிவிலியல்லர். அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், ஸாமோஸ் தீவைச் சேர்ந்த அரிஸ்டார்க்கஸ் என்பவர் சூரியனை நடுவில் வைத்து ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார். எனினும் பூமி நகர்வதை எவராலும் உணர முடியவில்லை. ஆகவே அக்கருத்துக்கு ஆதரவு கிட்டவில்லை. கண்ணுக்குத் தெரிந்தவாறே பூமியை நடுவில் நிறுத்தி, எந்த நாளில் எந்தக் கோள் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் முறையை வகுத்தார் தாலமி. அவருடைய பெருநூலை அரபு மக்கள் 'அல்மஜிஸ்தி' என்று அழைத்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அந்நூல் ஒரு முறைக்கு மேல் அரபியில் மொழிபெயர்க்கப்பட்டது.

அன்றைய கணக்கில் வானத்தில் அலைபவை ஏழு. அருகிலிருந்து தொலைவாகச் சொன்னால் சந்திரன், புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி. அரபியில் கமர், உதாரித், ஸுஹரா, ஷம்ஸ், மிர்ரீக், முஷ்தரி, ஸுஹல். யுரேனஸ் 1781இலும் நெப்டியூன் 1846இலும்தான் கண்டறியப்பட்டன. 1930இல் கண்டறியப்பட்ட புளூட்டோ 2006இல் கோள் என்னும் தகுதியை இழந்து 'குறுங்கோள்' ஆயிற்று.

இந்தப் பழைய வரிசை இன்றும் நம் வீட்டு நாட்காட்டியில் ஒளிந்திருக்கிறது என்பது வியப்பான செய்தி! தொலைவிலிருந்து அருகாக, சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன் என்று எழுதிக் கொள்ளுங்கள். நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் இவ்வரிசைப்படி ஒவ்வொன்றுக்கும் ஒதுக்குங்கள். முதல் நாளின் முதல் மணி சனிக்கு என்றால், 24 மணி கழிந்து மறுநாளின் முதல் மணி சூரியனுக்கு, அதாவது ஞாயிறுக்கு வரும். அதற்கடுத்த நாள் திங்களுக்கு, பிறகு செவ்வாய்க்கு. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று கிழமைகளுக்குப் பெயர் வந்தது இவ்வாறே. அரபு மொழியில் இது இல்லை. அல்அஹத், அல்இஸ்னைன் என்று ஒன்று, இரண்டு என எண்ணிச் செல்லும் முறையே அங்கு உண்டு.

கணக்கு சரி, ஆனால் பொருள்?

கோள்கள் வானத்தில் ஒரே சீராக நகர்வதில்லை. செவ்வாய் சில மாதங்கள் முன்னோக்கிச் செல்லும். பிறகு தயங்கி நின்று பின்னோக்கி வரும். மீண்டும் முன்னோக்கிப் போகும். இதை விளக்கத் தாலமி பெரிய வட்டத்தின் விளிம்பில் ஒரு சிறிய வட்டத்தை வைத்தார். கோள் சிறிய வட்டத்தில் சுற்ற, சிறிய வட்டமோ பெரிய வட்டத்தின் மீது ஊர்ந்து செல்லும். அப்படியும் கணக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. ஆகவே, பூமியிலும் இல்லாமல் வட்டத்தின் மையத்திலும் இல்லாமல் வேறோர் இடத்தில் ஒரு கற்பனைப் புள்ளியை வைத்து, அங்கிருந்து பார்த்தால்தான் அவ்வியக்கம் சீராக இருக்கும் என்றார்.

விடை சரியாக வந்தது. ஆனால் ஒரு கேள்வி எழுந்தது. ஓர் உருண்டை தன் மையத்தின் வழியே செல்லும் அச்சில் சீராகச் சுழலும் என்பது புரிகிறது. மையத்தை விட்டு விலகிய ஒரு புள்ளியைப் பொறுத்து அது சீராகச் சுழல்வது எவ்வாறு?

இக்கேள்வியை அழுத்தந்திருத்தமாகக் கேட்டவர் இப்னு ஹைதம். பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040ஆம் ஆண்டளவில் மறைந்தவர். ஒளியியலின் முன்னோடி என்று உலகம் போற்றும் இவர், 'அஷ்ஷுகூக் அலா பத்லமியூஸ்', அதாவது 'தாலமியின் மீதான ஐயங்கள்' என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். தாலமி தாமே வகுத்த அடிப்படைகளைத் தாமே மீறியிருக்கிறார். மெய்யான பொருள்களால் நிறைந்த வானத்தில் இத்தகைய இயக்கம் நிகழ இயலாது. உண்மையான அமைப்பு வேறொன்றாக இருக்க வேண்டும், அதைத் தாலமி கண்டடையவில்லை என்பது அவர் வாதம்.

800 ஆண்டுகளுக்கு மேலாகப் பேரறிஞர் என்று போற்றப்பட்டவரின் நூலை மரியாதையோடு படித்து, அதிலிருந்த குறையை மரியாதையோடு எடுத்துக்காட்டினார் அவர். பெரியவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஏற்கவுமில்லை; வேற்று நாட்டார் சொன்னது என்பதற்காகத் தள்ளவுமில்லை. இந்த நடுநிலையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

ரக்காவின் பொறுமை

ஐயம் எழுப்புவதற்கு முன்பே, வானத்தைத் திரும்ப அளந்து பார்க்கும் பணியும் தொடங்கிவிட்டது. 813 முதல் 833 வரை ஆண்ட கலீஃபா மஃமூனின் ஆணைப்படி பக்தாதிலும் திமிஷ்கை ஒட்டிய காஸியூன் மலையிலும் வான ஆய்வுகள் நடந்தன.

யூப்ரடீஸ் நதிக்கரையிலுள்ள ரக்கா நகரில் அல்பத்தானி என்பவர் 877ஆம் ஆண்டு தொடங்கி 918 வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் வானத்தைக் கவனித்து வந்தார். தொலைநோக்கி இல்லாத காலம் அது. ஒரு சூரிய ஆண்டின் நீளம் 365 நாட்கள் 5 மணி 46 நிமிடங்கள் 24 விநாடிகள் என்று கணக்கிட்டார். இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு இரண்டரை நிமிடங்களுக்கும் குறைவு! சூரியனின் தோற்ற அளவு ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும், அதனால் சில சூரிய கிரகணங்களின்போது சந்திரனைச் சுற்றி ஒளிவளையம் தெரியக் கூடும் என்பதையும் எடுத்துரைத்தார். அவருடைய நூல் 1537இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் லத்தீன் மொழியில் அச்சாயிற்று. கோப்பர்நிக்கஸ் தம் நூலில் பல இடங்களில் இவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்.

பூமி தன்னைத்தானே சுற்றுகிறதா என்ற பேச்சும் இல்லாமல் போகவில்லை. இந்தியாவில் 499ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் அவ்வாறு சொல்லியிருந்தார். அதை அறிந்திருந்த அல்பிரூனி, பூமி சுழல்கிறது என்று கொண்டாலும் வானவியல் கணக்குகளுக்குக் கேடு எதுவும் வராது என்று எழுதினார். ஆனால் அதுவே உண்மை என்று முடிவு கட்டவில்லை.

சாம்பலுக்கு மறு ஆண்டு

1258ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஹுலாகுவின் மங்கோலியப் படை பக்தாதைத் தரைமட்டமாக்கியது. கலீஃபா கொல்லப்பட்டார். நூலகங்கள் அழிந்தன. அறிவின் விளக்கு அன்றோடு அணைந்துவிட்டது என்றே பலரும் எழுதுவர்.

ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. மறு ஆண்டே, 1259இல், அதே ஹுலாகுவின் ஆதரவோடு ஈரானின் வடமேற்கிலுள்ள மராகா நகரின் குன்றொன்றில் வான ஆய்வுக்கூடம் ஒன்று எழும்பத் தொடங்கியது. அதை முன்னின்று அமைத்தவர் நஸீருத்தீன் தூஸி. 1201இல் பிறந்து 1274இல் மறைந்தவர். அழித்தவனின் கரத்தையே ஆக்கத்தின் பக்கம் திருப்பிய அவருடைய சாமர்த்தியத்தை என்னவென்பது!

ஆய்வுக்கூடத்தின் செலவுக்கு வக்ஃபு சொத்துக்களின் வருவாய் பயன்பட்டது. கருவிகளை அமைத்தவர் திமிஷ்கிலிருந்து வந்த முஅய்யதுத்தீன் உர்தி. கோள்களின் கணக்கில் புதுவழி கண்ட குத்புத்தீன் ஷீராஸி அங்கே பயின்றவர். சிரியாக் கிறிஸ்தவப் பேராயரான பார் ஹெப்ரியஸும் மராகாவுக்கு வந்து யூக்ளிடையும் தாலமியையும் பாடம் நடத்தியிருக்கிறார்.

தாலமியின் கற்பனைப் புள்ளியை அகற்றத் தூஸி ஓர் அழகிய உத்தியைக் கண்டார். அறிஞர்கள் இன்று அதைத் 'தூஸியின் இணை' என்கின்றனர். வட்டங்கள் இரண்டு. சிறியது பெரியதில் சரிபாதி விட்டமுடையது. சிறியது பெரியதன் உட்புற விளிம்பை ஒட்டி வழுக்காமல் உருளட்டும். அப்போது சிறிய வட்டத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி எந்தப் பாதையில் செல்லும்? வளைவாக என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! நேர்கோட்டில் முன்னும் பின்னுமாகச் சென்று வரும். சீராகச் சுழலும் வட்டங்களைக் கொண்டே நேர்கோட்டு அசைவைப் படைத்துவிட்டார் தூஸி.

இதை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அகன்ற வளையல் ஒன்றை எடுங்கள். அதன் உள்விட்டத்தை அளந்து, அதில் பாதி விட்டமுள்ள வட்டத்தைக் கெட்டி அட்டையில் வெட்டுங்கள். அதன் விளிம்பில் மையால் ஒரு புள்ளி இடுங்கள். வளையலைக் காகிதத்தின் மீது அசையாமல் பிடித்துக் கொண்டு, அட்டையை உள்விளிம்பை ஒட்டி மெல்ல உருட்டி, அந்தப் புள்ளி நிற்கும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். குறிகள் எல்லாம் ஒரே கோட்டில் அமைவதைக் கண்டு பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள்.

பள்ளிவாசலின் நேரக் காப்பாளர்

இப்போது திமிஷ்குக்கு வருவோம். அங்குள்ள உமையாக்களின் பெரிய பள்ளிவாசலில் 'முவக்கித்' என்றொரு பதவி இருந்தது. தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்வது அவர் கடமை. அஸர் நேரத்தை எண்ணிப் பாருங்கள். நண்பகல் நிழல் போக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும்போது ஷாஃபி மத்ஹபில் அஸர் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபில் இரு மடங்காகும்போது. நாளுக்கு நாள், ஊருக்கு ஊர் மாறும் இக்கணக்கைச் செய்யச் சூரியனின் பாதை துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். நம் பள்ளிவாசல்களின் சுவரில் மாட்டியிருக்கும் தொழுகை நேர அட்டவணைக்குப் பின்னால் இத்தகைய கணிதம் இருக்கிறது.

அப்பதவியில் தலைமை வகித்தவர் இப்னு ஷாத்திர். 1304இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பாட்டனாரிடம் வளர்ந்து, மரத்தில் தந்தம் பதிக்கும் கைத்தொழிலைக் கற்றவர். அந்தக் கைத்திறனும் கணிதமும் அவரிடம் ஒன்று சேர்ந்தன. பள்ளிவாசலின் மினாராவுக்காக 1371ஆம் ஆண்டளவில் அவர் பளிங்கில் செதுக்கிய பெரும் சூரியக் கடிகாரம் தொழுகை நேரங்களைக் காட்டியது. கையில் எடுத்துச் செல்லத்தக்க நேரப் பெட்டி ஒன்றையும் செய்தார்.

இவர்தாம் சந்திரனைப் பற்றிய அந்த எளிய கேள்வியை எழுப்பினார். தாலமியின் அமைப்பின்படி சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும்போது பூமியின் ஆரத்தைப் போல் சுமார் 33 மடங்கு தொலைவிலும், மிக விலகும்போது 64 மடங்கு தொலைவிலும் இருக்க வேண்டும். நெருங்கும் காலம் அரை நிலவுக் காலம். அப்படியானால் அரை நிலவு சில வேளைகளில் முழு நிலவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு அகலமாகத் தெரிய வேண்டுமே! யாராவது கண்டதுண்டா?

நீங்களும் சோதிக்கலாம். காகிதத்தில் துளையிடும் கருவியால் ஓர் அட்டையில் துளையிட்டுக் கையை முழுவதும் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணால் முழு நிலவைப் பாருங்கள். நிலவு ஏறத்தாழ அத்துளைக்குள் அடங்கிவிடும். ஏழு நாட்கள் கழித்து அரை நிலவைப் பாருங்கள். அதுவும் அதே துளைக்குள் அடங்கும். சந்திரனின் தொலைவு மெய்யாகவே மாறுகிறது. சுமார் 3,56,000 கிலோமீட்டரிலிருந்து 4,06,000 கிலோமீட்டர் வரை. ஆனால் அதனால் தோற்றத்தில் உண்டாகும் வேறுபாடு ஏழில் ஒரு பங்கு அளவே. இரு மடங்கு இல்லவே இல்லை.

ஒவ்வொரு மாதமும் பிறை பார்க்கும் மக்கள் நாம். நிலவைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு முன்னால் இந்தப் பிழை நெடுநாள் நிற்க முடியுமா? இப்னு ஷாத்திர் தாலமியின் சந்திர அமைப்பை விலக்கிவிட்டு, இரண்டு சிறு வட்டங்களைக் கொண்ட புதிய அமைப்பை வகுத்தார். சந்திரனின் இடமும் சரியாக வந்தது. அதன் அளவும் உண்மையை வெகுவாக நெருங்கியது. சூரியனுக்கும் மற்றக் கோள்களுக்கும் இவ்வாறே புதிய அமைப்புகளை எழுதினார். 1375இல் அவர் மறைந்தார்.

1957இல் ஒரு வியப்பு

போலந்து நாட்டின் கோப்பர்நிக்கஸ் 1473இல் பிறந்தவர். அவரையும் உறுத்தியது தாலமியின் அதே கற்பனைப் புள்ளிதான். 1543இல் வெளிவந்த அவருடைய நூல் சூரியனை நடுவில் வைத்தது.

நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பெய்ரூத் நகரின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கென்னடி என்னும் அறிஞரின் பார்வையில் இப்னு ஷாத்திரின் கையெழுத்துப் பிரதி பட்டது. 1957இல் விக்டர் ராபர்ட்ஸ் என்பவர் அதன் சந்திர அமைப்பை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். வரலாற்று அறிஞர்கள் திகைத்துப் போனார்கள். கோப்பர்நிக்கஸின் சந்திர அமைப்பும் இப்னு ஷாத்திரின் சந்திர அமைப்பும் அடிப்படையில் ஒன்றாகவே இருந்தன! தூஸியின் இணையும் கோப்பர்நிக்கஸின் நூலில் காணப்பட்டது. தூஸியின் இணையை விளக்கும் கிரேக்கப் பிரதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருப்பதும் தெரிய வந்தது.

அல்பத்தானியையும் வேறு சில முஸ்லிம் அறிஞர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட கோப்பர்நிக்கஸ், தூஸியையோ இப்னு ஷாத்திரையோ குறிப்பிடவில்லை. இக்கருத்துக்கள் எவ்வழியாக அவரை அடைந்தன என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவு இல்லை. இத்தாலியில் அவர் கற்ற காலத்தில் கேட்டறிந்திருக்கலாம் என்பர் பலர். தாமாகவே கண்டிருக்கலாம் என்பாரும் உளர்.

நாம் சொல்ல வேண்டியது

இங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சிலர் மேடையில் 'கோப்பர்நிக்கஸ் நம்மிடமிருந்து திருடிவிட்டார். எல்லாம் நம்மவர் கண்டுபிடித்ததே' என்று முழங்குவர். அது நீதியன்று. தூஸியும் இப்னு ஷாத்திரும் பூமியை நடுவிலிருந்து அகற்றவில்லை. அந்தப் பெரும் அடியை எடுத்து வைத்தவர் கோப்பர்நிக்கஸ். அவரும் வட்டங்களை விடவில்லை. 1609இல் கெப்ளர்தான் செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று காட்டினார். 1610இல் கலீலியோ தொலைநோக்கியில் கண்ட செய்திகளை வெளியிட்டார். வியாழனை நான்கு துணைக்கோள்கள் சுற்றி வருகின்றன என்று அறிந்த உலகம், எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற எண்ணத்தைத் தொடர்ந்து வைத்திருக்க இயலவில்லை. 1687இல் நியூட்டன் காரணத்தையே எடுத்துரைத்தார்.

வேறு சிலரோ, தாலமிக்கும் கோப்பர்நிக்கஸுக்கும் நடுவே வெறும் இருள்தான் என்பர். அதுவும் நீதியன்று. கேள்வியைக் கூர்மையாக்கியவர்கள், பிழையைச் சுட்டிக் காட்டியவர்கள், கணிதக் கருவிகளைச் செய்து வைத்தவர்கள் அந்த நடுக்காலத்து மக்களே. கிரேக்கர் தொடுத்த மாலையை வாங்கி, வாடிய மலரை நீக்கி, புதுமலர் சேர்த்து, அடுத்தவர் கையில் கொடுத்தவர்கள் அவர்கள்.

உலகம் அவர்களை முற்றாக மறந்துவிடவுமில்லை. 1651இல் ரிச்சியோலி என்னும் இத்தாலியப் பாதிரியார் நிலவின் பள்ளங்களுக்குப் பெயர் சூட்டியபோது அல்பத்தானிக்கும் ஓர் இடம் தந்தார். சுமார் 130 கிலோமீட்டர் அகலமுள்ள பெரும் பள்ளம் அது. இப்னு ஹைதம், நஸீருத்தீன் ஆகியோர் பெயரிலும் நிலவில் பள்ளங்கள் உள்ளன. புளூட்டோவிலுள்ள மலைத்தொகுதி ஒன்று அல்இத்ரீஸியின் பெயரால் 2017 முதல் வழங்குகிறது.

ஆகவே, அடுத்த பிறையைக் காட்டும்போது, அல்லது முழு நிலவு நாளில் மொட்டை மாடியில் அமர்ந்திருக்கும்போது, இன்ஷா அல்லாஹ், உங்கள் பிள்ளைகளிடம் அந்தத் துளையிட்ட அட்டையைக் கொடுங்கள். 'இந்த நிலவைப் பார்த்துத்தான் பள்ளிவாசலில் பணியாற்றிய ஒருவர், பெரிய அறிஞரின் நூலில் இருந்த பிழையைக் கண்டார்' என்று சொல்லுங்கள். பெருமை பேசுவதற்காக அன்று. பார், அளந்து பார், பொருந்தவில்லை என்றால் அஞ்சாமல் கேள் என்று கற்றுக் கொடுப்பதற்காக.